இரண்டாவது லெவலிலேயே மாட்டிக்கொண்டேன், எத்தனை ஸ்டார் போடுவது?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் இரண்டே நாளில் செய்யப்படும் குட்டிப் புதிர் கேம்களைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: கேம் ஜாம், கேம் ஜாம் என்கிறீர்களே, ரொட்டியில் தடவுவதுதானே ஜாம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: இது வேறு ஜாம் சார். இசைக்காரர்கள் ஒத்திகை எதுவும் இல்லாமல் கூடி உட்கார்ந்து மனம்போனபடி வாசிப்பார்களே, அதற்கும் ஜாம் என்றுதான் பெயர், அங்கிருந்து வந்தது. ஒரு தலைப்பு கொடுப்பார்கள், கடிகாரம் ஓட ஆரம்பிக்கும், நேரம் முடிவதற்குள் விளையாடக்கூடிய ஒரு கேமைச் செய்து இணையத்தில் ஏற்றிவிட வேண்டும். 2002-இல் தொடங்கிய 'லூடம் டேர்' இதில் பழைய கை. அதன் 'காம்போ' பிரிவில் 48 மணி நேரம், தனி ஆள், புரோகிராம், படம், சத்தம் எல்லாமே அந்த நேரத்துக்குள் சொந்தமாகச் செய்தது, புரோகிராமை எழுதிய மூல வடிவத்தையும் (சோர்ஸ் கோட்) சேர்த்துக் கொடுக்க வேண்டும். 'ஜாம்' பிரிவு கொஞ்சம் தாராளம்: 72 மணி நேரம், நண்பர்களோடு கூட்டுச் சேரலாம். 'குளோபல் கேம் ஜாம்' 2009-இல் ஆரம்பித்தது, பல நாடுகளில் ஆட்கள் நேரில் கூடிச் செய்வது. மார்க் பிரவுன் என்ற யூடியூபர் 2017-இல் தொடங்கிய 'ஜிஎம்டிகே' (அவருடைய 'கேம் மேக்கர்ஸ் டூல்கிட்' சேனலின் சுருக்கம்) ஜாமுக்கு இப்போதெல்லாம் ஆயிரக்கணக்கில் கேம்கள் குவிகின்றன. இவற்றில் லூடம் டேரிலும் ஜிஎம்டிகேயிலும் மேடையில் உட்கார்ந்து மார்க் போடும் பெரிய மனிதர்கள் கிடையாது. கேம் செய்தவர்களே ஒருவர் கேமை ஒருவர் விளையாடி ஸ்டார் போட்டுக்கொள்கிறார்கள். கீழே வரும் தலைவலிகளில் பாதி அதனால்தான்.

கேள்வி: சண்டை போடும் கேம், ஓடும் கேம் என்றால் சரி. இரண்டு நாளில் ஒரு நல்ல புதிர் கேம் செய்ய முடியுமா? (பொறியியல் மாணவர், திருச்சி)

பதில்: முடியும், ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் கஷ்டம் வராது. புரோகிராம் எழுதுவது சுலபம். ஜப்பானில் இமபயாஷி ஹிரோயுகி உருவாக்கி 1982-இல் வெளிவந்த 'சோகோபான்' கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்கில் பெட்டிகளைக் குறித்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தள்ளலாம், இழுக்க முடியாது. விதி என்று பார்த்தால் அவ்வளவுதான், ஆனால் பெட்டி ஒருமுறை மூலையில் போய் ஒட்டிக்கொண்டால் கதை முடிந்தது என்பதால் ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. ஸ்டீபன் லாவெல் என்பவர் 2013-இல் இலவசமாகக் கொடுத்த 'பசில்ஸ்கிரிப்ட்' என்ற கருவியில் இந்தத் தள்ளும் விதியை ஒரே வரியில் எழுதிவிடலாம், படங்கள் ஐந்துக்கு ஐந்து புள்ளிதான். ஆக சனிக்கிழமை காலை காப்பிக்குள் கேம் ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் லெவல் போட உட்காருவீர்கள், அங்கேதான் ஞாயிற்றுக்கிழமை காணாமல் போகும்.

இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 'பாபா இஸ் யூ'. பின்லாந்துக்காரர் அர்வி டெய்கரி 2017-இல் டென்மார்க்கில் நடந்த நார்டிக் கேம் ஜாமில் செய்தது. தலைப்பு 'நாட் தேர்', அதாவது 'அங்கே இல்லை'. எல்லோரும் எதையாவது காணாமல் போகச் செய்துகொண்டிருந்திருப்பார்கள். இவர் 'நாட்' என்ற சொல்லையே பிடித்துக்கொண்டார். அந்தக் கேமில் விதிகள் வார்த்தைக் கட்டைகளாகத் தரையில் கிடக்கும். 'வால் இஸ் ஸ்டாப்' ('சுவர் தடுக்கும்') என்று மூன்று கட்டைகள் வரிசையாக இருக்கும்வரை சுவர் உங்களைத் தடுக்கும். ஒரு கட்டையை ஒரு கட்டம் நகர்த்தி அந்த வாக்கியத்தை உடைத்துவிட்டால் சுவர் வெறும் படம், ஊடே நடந்து போகலாம். உடைந்த வார்த்தையை வேறெங்காவது ஒட்டி நீங்களே சுவராகவும் மாறலாம். அந்த ஜாமில் அதுதான் வென்றது. 200-க்கு மேற்பட்ட லெவல்களோடு முழு கேமாக 2019 மார்ச்சில் வந்தது. ஒரு யோசனை தோன்ற இரண்டு நாள் போதும், அதற்குத் தகுந்த லெவல்களைச் செதுக்க அவருக்கே கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. ஜாம் கேமை எடைபோடும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நானும் ஒரு ஜாமில் கேம் போட்டேன், அதனால் மற்றவர்களுடையதுக்கும் ஸ்டார் போட வேண்டியிருக்கிறது. புதிர் கேம்களில் பாதிக்கு மேல் இரண்டாவது லெவலிலேயே மாட்டிக்கொள்கிறேன். முடிக்காத கேமுக்கு எப்படி மார்க் போடுவது? போடாமல் விட்டால் பாவமில்லையா? (ஐடி ஊழியர், கோவை)

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, எட்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

முடிக்காமல் மார்க் போடலாம். ஆனால் மாட்டிக்கொண்டது எந்த வகை என்று முதலில் பாருங்கள். விதி எல்லாம் புரிகிறது, கண்ணெதிரே எல்லாம் இருக்கிறது, வழி மட்டும் தெரியவில்லை என்றால் அது புதிர் தன் வேலையைச் செய்கிறது, அதற்காக ஸ்டாரைக் குறைக்காதீர்கள். விதி என்ன என்றே தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் அது கேமின் கோளாறு. நம் விடுகதைகளிலேயே இது உண்டு. நல்ல விடுகதைக்கு விடை தெரிந்ததும் 'அட, கேள்வியிலேயே இருந்ததே' என்று தலையில் அடித்துக்கொள்வோம். மோசமான விடுகதைக்கு விடை சொன்ன பிறகும் 'அதெப்படி?' என்போம்.

சமீபத்தில் நான் விளையாடிய ஒன்றைச் சொல்கிறேன். பனித்தரை, பென்குயின், ஒரு திசையில் கிளம்பினால் எதிலாவது மோதும்வரை சறுக்கிக்கொண்டே போகும். மூன்றாவது லெவலில் கால் மணி நேரம். நடுவில் வெளிர்நீலக் கட்டம் ஒன்று இருந்தது, தரையை விட ஒரு சாயல்தான் அழுத்தம். அதைத் தரை என்று நினைத்துச் சறுக்கினால் பென்குயின் அங்கே நிற்கிறது! அது பனிக்கட்டிச் சுவராம். செய்தவருக்கு அது சுவர் என்று தெரியும், அதனால் அவர் கண்ணுக்கு அது சுவராகவே தெரிந்திருக்கிறது. 'நல்ல கேம், கொஞ்சம் கஷ்டம்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், எனக்கு முன்னால் ஆறு பேர் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். நான் எழுதியது: 'மூன்றாம் லெவலில் பதினைந்து நிமிடம் சுற்றினேன். நடுக்கட்டத்தைத் தரை என்று நினைத்துவிட்டேன். சுவர் என்று தெரிந்ததும் ஒரே நிமிடத்தில் முடிந்தது, அந்த நிமிடம் அருமை.' அன்றைக்கே அந்தக் கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்காக ஒரு ஸ்டாரும் நான் குறைக்கவில்லை, புதிர் நல்ல புதிர்.

லூடம் டேரில் மொத்த மதிப்பெண், சுவாரஸ்யம், புதுமை, தலைப்புக்குப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை, மனநிலை என்று தனித்தனியாக ஐந்துக்கு மார்க் கேட்பார்கள். புதிர் கேம்களுக்கு நகைச்சுவை, மனநிலை இரண்டிலும் என்ன போடுவது என்று திண்டாடுகிறவர்கள் அதிகம். தோன்றாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். நான் முதலில் புதுமைக்குப் போடுவேன். பெட்டி தள்ளும் ஆயிரத்தோராவது கேமா, இல்லை பெட்டியில் புதிதாக ஏதாவது நடக்கிறதா? பட அழகுக்கு மயங்கிப் புதுமையிலும் ஐந்து போடுவது நம் எல்லோரிடமும் உள்ள வியாதி, நானும் விலக்கல்ல.

கேள்வி: யூடியூபில் விடை பார்த்துவிட்டு மார்க் போட்டால் தப்பா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

பதில்: தப்பில்லை. பார்த்தேன் என்று கமெண்டில் சொல்லிவிடுங்கள், எந்த லெவலில் என்பதையும். சொல்லாமல் மறைப்பதுதான் உபயோகமில்லாதது.

கேள்வி: என் கேமின் சராசரி 4.4. ஆனால் முடிவு வந்தபோது 3.8 வாங்கியதெல்லாம் எனக்கு மேலே இருக்கிறது. ஏமாற்று வேலையா? (டிசைனர், சென்னை)

பதில்: ஏமாற்றில்லை, வர்க்கமூலம். உங்கள் ஜாம் நடந்தது 'இட்ச்' என்ற கேம் இணையதளத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒவ்வொரு கேமும் எத்தனை ஓட்டு வாங்கியது என்று வரிசைப்படுத்தி, நடுவில் இருக்கும் எண்ணை, அதாவது பள்ளிக்கூடத்தில் படித்த இடைநிலையை, எடுத்துக்கொள்வார்கள். உங்களுக்கு வந்த ஓட்டு அதைவிடக் குறைவு என்றால், உங்கள் ஓட்டை இடைநிலையால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை உங்கள் சராசரியோடு பெருக்குவார்கள். இடைநிலை 20, உங்களுக்கு வந்தது 5 என்று வையுங்கள். வகுத்தால் கால், காலின் வர்க்கமூலம் அரை. 4.4 அப்படியே 2.2 ஆகிவிடும். கேட்கக் கொடுமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இது இல்லாவிட்டால் இரண்டு நண்பர்களை வைத்து ஐந்து ஐந்தாகப் போட்டுக்கொண்டவர்தான் முதலிடம். லூடம் டேரில் வேறு வழி: குறைந்தது 20 பேராவது மார்க் போட்டிருந்தால்தான் தரவரிசையிலேயே பெயர் வரும்.

புதிர் கேம்களுக்கு இதில் ஒரு கூடுதல் நஷ்டம் உண்டு. ஓடிக் குதிக்கும் கேமை மூன்று நிமிடத்தில் பார்த்துவிட்டு ஸ்டார் போட்டுவிடலாம், உங்களுடையதற்கு அரைமணி நேரம் வேண்டும், அதற்குள் ஆள் அடுத்த கேமுக்குப் போய்விடுகிறார், ஓட்டும் போடுவதில்லை. முதல் மூன்று லெவலிலேயே உங்கள் யோசனை முழுவதும் தெரிகிற மாதிரி வையுங்கள். நீங்களும் உட்கார்ந்து மற்றவர்களுக்கு ஓட்டுப் போடுங்கள். நீங்கள் விளையாடியது யாருடைய கேமோ அவர் பதிலுக்கு வந்து பார்ப்பார், அனேகமாக.

கேள்வி: நான் கேம் செய்யவில்லை. விளையாடி ஓட்டுப் போட முடியுமா? என்னிடம் போன் மட்டும்தான் இருக்கிறது. (தேனி)

பதில்: லூடம் டேரில் கேம் கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் ஓட்டு. இட்ச் தளத்தில் ஜாம் நடத்துகிறவர் இஷ்டம், சிலர் எல்லோருக்கும் திறந்து வைப்பார்கள். போனைப் பொறுத்தவரை பெரும்பாலானவை கீபோர்டுக்காகச் செய்தவை, திறக்கும், ஆனால் நகராது. பசில்ஸ்கிரிப்டில் செய்தவற்றில் பல விரலால் இழுத்தாலே ஓடும், அவற்றில் ஆரம்பியுங்கள். ஓட்டு இல்லாவிட்டாலும் கமெண்ட் எழுதலாம், அதுவே பெரிய உபகாரம்.

கேள்வி: முதல் முறையாக ஒரு புதிர் கேம் செய்யப் போகிறேன். நீங்கள் செய்த தப்பு ஏதாவது சொல்லுங்கள், நான் செய்யாமல் இருக்க. (பட்டதாரி, சேலம்)

பதில்: ஒரு ஜாமில் நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போது, நாலாவது லெவலில் ஒரு சுவர் கோணலாக நிற்கிற மாதிரி தோன்றியது. ஒரு கட்டம் இடதுபக்கம் நகர்த்தினேன். இப்போது அழகாக இருந்தது. மறுபடி விளையாடிப் பார்க்காமல் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் கமெண்ட்: 'நாலாவது லெவல் பயங்கரம், மூளை கொதிக்கிறது, ஆனால் அற்புதமான டிசைன்!' எனக்கு ஒரே பெருமை. அடுத்தவரும் அப்படியே. மூன்றாவது ஆள் மட்டும் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார்: பெட்டி மேல்வரிசைக்குப் போனால் திரும்ப இறங்க வழியில்லை, இறங்காவிட்டால் பட்டன் அமுங்காது, பட்டன் அமுங்காவிட்டால் கதவு திறக்காது, ஆகவே இந்த லெவலை முடிக்கவே முடியாது. நான் அழகுபடுத்திய சுவர்தான் பெட்டி இறங்கும் வழியை அடைத்திருந்தது. முதல் இரண்டு பேரும் ஐந்துக்கு நாலு போட்டிருந்தார்கள், இவர் இரண்டு. எனக்கு வந்த மார்க்குகளிலேயே மரியாதையானது அந்த இரண்டுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆகவே ஏற்றுவதற்கு முன் முதல் லெவலிலிருந்து கடைசிவரை ஒருமுறை நீங்களே விளையாடுங்கள். அப்புறம் அன்டூ வையுங்கள், எத்தனை அடி வேண்டுமானாலும் பின்னால் போகிற அன்டூ. பத்தாவது அடியில் பெட்டி மூலைக்குப் போய்விட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வது தண்டனை, அதில் யோசனை எதுவும் இல்லை. அன்டூவை 'இசட்' எழுத்தில் வைப்பது வழக்கம், ஆனால் ஜெர்மன் கீபோர்டில் 'இசட்' இருக்கிற இடமே வேறு, நகர்வதற்கு வழக்கமாக வைக்கும் டபிள்யூ-ஏ-எஸ்-டி எழுத்துகள் பிரெஞ்சு கீபோர்டில் சிதறிக் கிடக்கும். அதனால் நகர்வதற்கு அம்புக்குறி விசைகளையும், அன்டூவுக்கு இன்னொரு விசையையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள். டவுன்லோடு செய்யச் சொல்லாதீர்கள், பிரவுசரிலேயே ஓடட்டும். யாரென்றே தெரியாதவர் கொடுக்கும் எக்ஸி ஃபைலை (கம்ப்யூட்டரில் நேரடியாக ஓடும் புரோகிராமை) யார் திறப்பார்கள்? நான் திறக்க மாட்டேன்.

கேள்வி: என் மகன் வருகிற சனி, ஞாயிறு இப்படி ஒரு ஜாமில் கலந்துகொள்கிறானாம். தூங்கவே மாட்டேன் என்கிறான். இதனால் பணம் காசு ஏதாவது வருமா? நான் என்ன செய்யட்டும்? (இல்லத்தரசி, திருநெல்வேலி)

பதில்: பணம் வராது அம்மா, பெரும்பாலும். பல ஜாம்களில் பரிசு என்றே எதுவும் கிடையாது. பாபா மாதிரி கடைக்கு வருவது ஆயிரத்தில் ஒன்று இருந்தாலே அதிகம். தூங்கச் சொல்லுங்கள், தூக்கம் கெட்டவன் போடும் லெவல் எப்படி இருக்கும் என்று மேலே என் சுவர்க் கதையில் பார்த்தீர்களே.

உங்களால் ஆகிற காரியம் ஒன்று இருக்கிறது, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும் அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, 'கொடு, நான் விளையாடுகிறேன்' என்று சொல்லுங்கள். கம்ப்யூட்டர் கேமே விளையாடியதில்லை என்றால் இன்னும் நல்லது. அவன் பக்கத்தில் நிற்கட்டும், ஒரு பேப்பரில் நீங்கள் எங்கே தயங்குகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். 'இந்த மஞ்சள் டப்பா எதுக்குடா?' என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும், சத்தமாகவே கேளுங்கள். அவன் 'அது வந்தும்மா...' என்று ஆரம்பிப்பான். நீ பேசக்கூடாது, எழுதிக்கோ என்று சொல்லிவிடுங்கள்.