உங்கள் வழக்கு அந்த வாட்ஸ்அப் பதிலில் இருக்கிறது

கேள்வி: எடை குறைக்க ஒரு கிளினிக்கில் வாரம் ஒரு செமாகுளுடைடு ஊசி போட்டுவந்தேன். இரண்டாம் மாதம் மேல்வயிற்றில் கடும் வலி, முதுகு வரை பரவியது. வாட்ஸ்அப்பில் சொன்னேன். "ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், அடுத்த ஊசியையும் போடுங்க" என்று பதில் வந்தது. போட்டேன். கணைய அழற்சியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பக்கவிளைவே இல்லை என்று விளம்பரம் செய்தவர்கள், இப்போது மரியாதையில்லாமல் பேசுகிறார்கள். கிளினிக் படிவத்தில் பித்தப்பைக் கல் பற்றிக் கேட்டதற்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். பழைய விஷயம்தானே என்று விட்டுவிட்டேன். வழக்குப் போடலாமா?

பதில்: மரியாதையையும் விளம்பரத்தையும் ஒதுக்கி வையுங்கள். கணைய அழற்சி வந்தது மட்டும் வழக்காகாது. அந்த ஆபத்து மருந்தின் தகவல் தாளிலேயே இருக்கிறது. ஆனால் கணைய அழற்சி என்று சந்தேகம் வந்தால் ஊசியை நிறுத்தச் சொல்வதும் அதே தாள்தான். நிறுத்தச் சொல்ல வேண்டியவர்கள் தொடரச் சொன்னார்கள். அதுதான் உங்கள் வழக்கு. பதில் எழுதியவர் டாக்டர் இல்லையென்றால் உங்கள் கை இன்னும் ஓங்கும். அந்த உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள்.

எனக்குப் பயம் அந்தப் படிவத்தில்தான். கணைய அழற்சிக்குப் பித்தப்பைக் கல்லே ஒரு முக்கியக் காரணம். "வந்தது ஊசியாலா, நீங்கள் மறைத்த கல்லாலா?" என்றுதான் எதிர்த்தரப்பு ஆரம்பிக்கும். இங்கேதான் கட்சிக்காரர்கள் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். "படிவத்தை நர்ஸ்தான் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்பார்கள். அப்புறம் பழைய ஸ்கேன் ரிப்போர்ட் கோர்ட்டுக்கு வரும். அதன்பின் அவர்கள் சொன்ன உண்மைகளும் எடுபடாது. தயவுசெய்து, கல்லை எழுதாமல் விட்டதை கிளினிக்குக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். காரணம் கல்லாகவே இருந்தாலும், அந்த வலிக்கு உடனே பரிசோதனைக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது நிற்கும் வாதம். தாமதத்தாலும் கூடுதல் ஊசியாலும் நிலைமை மோசமானதா என்று சிகிச்சை தந்த டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் வழக்கே வேண்டாம்.

கிடைத்தாலும் நான் சமரசத்தைத்தான் சொல்வேன். படிவத்தில் உங்கள் தவறும் இருப்பதால் இழப்பீடு குறைய வாய்ப்புண்டு. ஆஸ்பத்திரிச் செலவு முழுதும் வந்தால் முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊசிக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தந்துவிட்டு "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். கணைய அழற்சி திரும்ப வரலாம், பின்னால் சர்க்கரை நோயும் வரலாம். வழக்குப் போடுவதற்கான காலவரம்பைக் கவனித்துக்கொண்டு, உடல் நிலைப்பட்டுவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகே தொகை பேசுங்கள்.