ஓய்வு பெற்ற கேமரூன் கால்பந்து வீரர் ரோஜர் மில்லா 38 வயதில் உலகக் கோப்பையில் ஆடியது எப்படி?

காரணம் கேமரூன் அதிபர் பால் பியா. மில்லா அப்போது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரியூனியன் தீவில் ஒரு சின்ன கிளப்புக்கு ஆடிக்கொண்டிருந்தார். தேசிய அணியிலிருந்து விலகியிருந்தவரை, 1990 உலகக் கோப்பைக்காக அதிபரே திரும்ப அழைத்தார்.

'எங்கிருந்தோ வந்த கிழவர்' என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. 1976இலேயே அவர் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். மொனாக்கோ, பாஸ்டியா, செயின்ட் எட்டியென், மான்ட்பெல்லியே என்று பிரான்சில் பல ஆண்டுகள் ஆடியவர். 1984, 1988 ஆப்பிரிக்கக் கோப்பைகளை வென்ற அணியிலும் இருந்தார்.

1990 உலகக் கோப்பை நடந்த இத்தாலியில் அவரை மாற்று வீரராகவே இறக்கினார்கள். எதிரணி களைத்த நேரத்தில் உள்ளே வருவார். ருமேனியாவுக்கு எதிராக 2 கோல். அப்புறம் கொலம்பியா ஆட்டம். கூடுதல் நேரத்தில் ஒரு கோல் போட்டுவிட்டார். அடுத்து, கோல்கீப்பர் இகிதா வழக்கம்போல வெகுதூரம் முன்னேறி வந்து பந்தோடு விளையாட, மில்லா அதைப் பறித்துக்கொண்டு ஓடிக் காலி வலைக்குள் தள்ளினார். கோல் அடித்ததும் மூலைக்கொடி அருகே அவர் ஆடிய நடனத்தைப் பார்க்காத கால்பந்து ரசிகர் உண்டா என்ன! காலிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி கேமரூன்தான். அங்கே இங்கிலாந்திடம் 3–2 என்று தோற்றது.

1994 உலகக் கோப்பையில் 42 வயதில் ரஷ்யாவுக்கு எதிராகவும் ஒரு கோல் அடித்தார். ஆனால் அந்த ஆட்டத்தில் கேமரூன் வாங்கியது 6 கோல்.