புதுக் கார் கொட்டேஷன்: எதில் பேரம் பேசலாம், எதில் முடியாது?

கேள்வி: ஒரே மாடல், ஒரே வேரியன்ட். மதுரையில் இரண்டு ஷோரூம், திண்டுக்கல்லில் ஒன்று. ஆன்ரோடு விலையில் (வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த விலை) 38,000 ரூபாய் வித்தியாசம் வருகிறது. குறைவாகச் சொல்பவரிடமே போய்விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மூன்று கொட்டேஷனையும் ஒரே தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எக்ஸ்-ஷோரூம் விலை அநேகமாக மூன்றிலும் ஒன்றாகத்தான் இருக்கும். அது கம்பெனி வைக்கும் விலை, ஜி.எஸ்.டி.யும் அதற்குள் அடக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டர் நீளத்துக்கு மிகாத சிறிய கார்களில் 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் வண்டிக்கும் 1500 சிசி வரையுள்ள டீசல் வண்டிக்கும் 18 சதவீதம். அதைவிடப் பெரியவற்றுக்கு 40 சதவீதம். முன்பு ஜி.எஸ்.டி.க்கு மேல் தனியாக வசூலித்த செஸ் எடுபட்டுவிட்டது. கொட்டேஷனில் செஸ் என்று ஒரு தொகை தனியாக நின்றால் அது பழைய தாள் என்று அர்த்தம், புதியது கேளுங்கள்.

அடுத்தது சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றியமைத்தபடி, காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. இதில் யாரும் தள்ளுபடி தர முடியாது. ஆனால் வேரியன்ட் தேர்வு செய்யும்போதே இதைக் கணக்கில் வையுங்கள். 9,95,000 ரூபாய் காருக்கு வரி 1,29,350. விலையில் வெறும் 10,000 கூடி 10,05,000 ஆனால் வரி 1,80,900. சன்ரூஃபுக்கு ஆசைப்பட்டு 10 லட்சத்தைத் தாண்டுபவர்கள் இந்த 51,550 ரூபாயைப் பெரும்பாலும் பில் வந்த பிறகுதான் பார்க்கிறார்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் முன்கூட்டிய வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அது செலவல்ல, வருமான வரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம், அல்லது ரீஃபண்டாகத் திரும்பும். பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பதிவுக் கட்டணம் காருக்கு 600 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, கடனில் வாங்கினால் அடமானக் குறிப்புக்கு 1,500. சாலைப் பாதுகாப்பு வரி, சேவைக் கட்டணம் என்று இன்னும் சில தொகைகள் சேரும். ஆனால் சாலை வரி போக 'ஆர்.டி.ஓ. செலவு' என்று 10,000, 12,000 எழுதியிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 'அரசு ரசீதில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் தருகிறேன்' என்று சொன்னாலே தொகை இறங்கும். நம்பர் பிளேட்டுக்குத் தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2019 ஏப்ரல் 1க்குப் பிறகு தயாரான வண்டிகளில் உயர் பாதுகாப்புப் பலகையின் விலை வண்டி விலைக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஆக, பேரத்துக்கு மிச்சம் இருப்பவை: கேஷ் டிஸ்கவுண்ட், இன்சூரன்ஸ், ஹேண்ட்லிங் சார்ஜ், ஆக்சஸரீஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி. உங்கள் 38,000 இவற்றில்தான் எங்கோ ஒளிந்திருக்கிறது. விலை குறைவாகத் தெரியும் ஷோரூம் இன்சூரன்ஸில் ஜீரோ டெப்ரிசியேஷனை (கிளெய்மில் உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத கூடுதல் காப்பு) நீக்கிவிட்டிருக்கலாம், அல்லது உங்களிடம் இல்லாத பழைய காருக்கு எக்ஸ்சேஞ்ச் போனஸைக் கழித்துக் காட்டியிருக்கலாம். ஹேண்ட்லிங், லாஜிஸ்டிக்ஸ் என்ற பெயரில் வருவதை முழுவதும் அடித்துவிடச் சொல்லுங்கள். வண்டியை ஷோரூம் வரை கொண்டுவந்து நிறுத்தும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் இருக்கிறது.

மூன்று பேரிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: 'எக்ஸ்-ஷோரூமில் எவ்வளவு கழித்து பில் போடுவீர்கள்?' டிஸ்கவுண்டில் கம்பெனி தருவது ஒரு பங்கு, டீலர் தன் கமிஷனிலிருந்து விட்டுக்கொடுப்பது இன்னொரு பங்கு. முதல் பங்கு எல்லா ஷோரூமிலும் ஒன்றுதான், போட்டி இரண்டாவதில். 'அதற்கு மேல் கொடுக்கக் கம்பெனி விடாது' என்பார்கள். அதை அப்படியே ஏற்க வேண்டாம். டீலர்கள் தள்ளுபடி தருவதைக் கட்டுப்படுத்தியதாகச் சொல்லி 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுஸூகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. பணமாகத் தர மறுத்து '20,000க்கு ஆக்சஸரீஸ் தருகிறோம்' என்றால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். அந்த 20,000 ஷோரூம் விலைப்பட்டியல் கணக்கு. அதே சீட் கவரும் மேட்டும் வெளிக்கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டு, அந்தத் தொகையைத்தான் தள்ளுபடியாக எண்ண வேண்டும்.

கேள்வி: இன்சூரன்ஸை வெளியே எடுத்தால் டிஸ்கவுண்ட் கிடையாது, கேஷ்லெஸ் கிளெய்மும் வராது என்கிறார் சேல்ஸ்மேன். உண்மையா?

பதில்: இரண்டாவதாகச் சொன்னது வெறும் கதை. கேஷ்லெஸ், அதாவது ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே நேரடியாகக் கட்டுவது, அந்த இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வீஸ் சென்டருக்கும் உள்ள ஒப்பந்தத்தைப் பொறுத்தது. நீங்கள் சர்வீஸ் விடப்போகும் இடம் அந்தக் கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் இருக்கிறதா என்று பாலிசி எடுக்கும் முன் பாருங்கள். டீலரிடம்தான் எடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

முதலாவதாகச் சொன்னது, அதாவது டிஸ்கவுண்ட் கிடையாது என்பது, பேரத் தந்திரம். பாலிசியில் டீலருக்கு வருமானம் உண்டு, அதனால்தான் அழுத்துகிறார். பாலிசியில் இரண்டு பகுதி. மூன்றாம் நபர் காப்பீடு புதுக் காருக்கு 3 ஆண்டு கட்டாயம். அதன் தொகையை அரசு நிர்ணயிக்கிறது: 1000 சிசி வரை 6,521, 1500 சிசி வரை 10,640, அதற்கு மேல் 24,596, இவற்றோடு ஜி.எஸ்.டி. எந்தக் கம்பெனியானாலும் இதேதான். வித்தியாசமெல்லாம் இரண்டாவது பகுதியான சொந்த சேதத்திலும் (உங்கள் காருக்கான காப்பு) ஆட்-ஆன் எனும் கூடுதல் காப்புகளிலும். ஆன்லைனில் ஒரு கொட்டேஷன் எடுத்து டீலரிடம் நீட்டினால் பல நேரம் அவரே அதற்குச் சமமாக இறக்குவார்.

ஒப்பிடும்போது ஐ.டி.வி., அதாவது கார் திருடுபோனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை, ஒன்றாக இருக்க வேண்டும். புதுக் காருக்கு அது எக்ஸ்-ஷோரூம் விலையில் 95 சதவீதம். அதைக் குறைத்துப் போட்டு பிரீமியத்தை மலிவாகக் காட்டுவது பழைய வேலை. கார் திருடுபோனால்தான் வலி தெரியும். உங்கள் பெயரில் ஏற்கெனவே 15 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு இருந்தால் பாலிசியில் சேர்க்கும் உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டை நீக்கச் சொல்லலாம். பழைய காரை விற்றிருந்தால் அதன் நோ கிளெய்ம் போனஸை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்டியவருக்குப் புதுக் காரின் சொந்த சேத பிரீமியத்தில் 50 சதவீதம் குறையும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதம் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது.

கேள்வி: எக்ஸ்சேஞ்சில் 30,000 போனஸ் என்கிறார்கள். பழைய காரை அங்கேயே கொடுத்துவிடலாமா?

பதில்: போனஸை ஒரு கையால் கொடுத்து, பழைய காரின் மதிப்பில் இன்னொரு கையால் எடுப்பது சாதாரணம். புதுக் கார் விலை முடியும்வரை பழைய காரைப் பற்றி வாயே திறக்காதீர்கள். அதற்குள் வெளியே இரண்டு பேரிடம் விலை கேட்டு வையுங்கள். வெளியில் 2,80,000, டீலரிடம் 2,40,000 என்றால் போனஸ் சேர்ந்தும் 10,000 நஷ்டம். வெளியே விற்று, பெயர் மாற்றிய ஆர்.சி. நகலைக் கொடுத்தால் போனஸ் தரும் கம்பெனிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். டீலரிடமே கொடுத்தாலும் சரி, பெயர் மாறிய ஆர்.சி. நகல் கைக்கு வரும்வரை விடாதீர்கள். அதுவரை அபராதமும் விபத்து வழக்கும் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

கேள்வி: ஆடி ஆஃபரா, டிசம்பர் ஆஃபரா, எது லாபம்?

பதில்: கம்பெனி ஆஃபர்கள் ஆங்கில மாதக் கணக்கில் ஓடுபவை. ஆடி மாதமோ ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. ஆடியில் புக் செய்து ஆவணியில் டெலிவரி எடுக்க நினைப்பவர்கள், ஆஃபர் பில் தேதிக்கா புக்கிங் தேதிக்கா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பில் தேதிக்குத்தான்.

டிசம்பரில் கூடுதலாகக் கிடைக்கும் தள்ளுபடி, ஆண்டு மாறுவதற்கான ஈடு. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் ஏறிவிடுகிறது, மறுவிற்பனையில் அதைத்தான் பார்ப்பார்கள். மூன்று, நான்கு ஆண்டில் விற்கிறவருக்கு இது பெரிய லாபமில்லை. பத்து ஆண்டு ஓட்டுகிறவர் தாராளமாக எடுக்கலாம். எப்போது எடுத்தாலும் சேஸிஸ் எண்ணைப் பதிவுக்கு முன்பே வாங்கி, வண்டியை யார்டில் நேரில் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம். ஓடிய கிலோமீட்டர், பேட்டரி தேதி, மீண்டும் பெயின்ட் அடித்த தடம், பாய்க்குக் கீழே ஈரம் இவற்றையும் கவனியுங்கள். பதிவு முடிந்த பிறகு குறை கண்டால் வண்டியை மாற்றித் தர மாட்டார்கள், சரிசெய்துதான் தருவார்கள்.

கேள்வி: ஷோரூமிலேயே 4.9 சதவீத வட்டிக்குக் கடன் என்கிறார்கள். வங்கியில் 9 சதவீதம்.

பதில்: 4.9 என்பது அநேகமாக ஃபிளாட் ரேட், அதாவது அசல் குறைந்துவந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை வட்டி போடும் கணக்கு. 8 லட்சத்தை 5 ஆண்டுக்கு, குறையும் நிலுவை முறையில் 9 சதவீதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,607, மொத்த வட்டி சுமார் 1,96,400. அதையே ஃபிளாட்டாகச் சொன்னால் 4.9. இரண்டும் ஒன்றுதான். கடன் தருபவர் கொடுக்க வேண்டிய முக்கிய விவர அறிக்கையில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டுச் சதவீதம் இருக்கும். அதை மட்டும் ஒப்பிடுங்கள்.

கேள்வி: முன்பணம் கட்டிய பிறகு விலை ஏறிவிட்டது என்கிறார்கள்.

பதில்: புக்கிங் படிவத்தில் 'டெலிவரி நாளில் உள்ள விலையே பொருந்தும்' என்று இருக்கும், எனவே ஏற்றத்தை எதிர்ப்பது கஷ்டம். பணத்தைத் திரும்பக் கேட்கலாம். எவ்வளவு பிடிப்பார்கள், எத்தனை நாளில் வரும் என்பதைப் பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் வாங்குங்கள். பணத்தைக் கம்பெனிப் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள், சேல்ஸ்மேன் நம்பருக்கு ஜிபே வேண்டாம். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதியலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுக் கட்டணமே இல்லை.