ஹெட் கிளீனிங்: மை எங்கே போகிறது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தமிழ்ப்பள்ளிக்கு அருகே சிறிய நகல் கடை வைத்திருக்கிறேன். பிரிண்டர் எப்சன் எல்3110. கறுப்பு எழுத்தில் வெள்ளைக் கோடு விழுந்ததால் ஒரே நாளில் ஆறு முறை ஹெட் கிளீனிங் கொடுத்தேன். கறுப்பு சரியாகவில்லை. நன்றாக இருந்த மஞ்சளும் நீலமும் தொட்டியில் இறங்கியதுதான் மிச்சம். ஏன் இப்படி?
– கடைக்காரர், சுங்கை சிப்புட்

பதில்: கிளீனிங் என்றால் ஹெட்டை, அதாவது நுண்துளைகள் வழியே தாளில் மை தெளிக்கும் பகுதியை, கழுவுவது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது உறிஞ்சுதல். ஹெட் ஓய்வாக நிற்கும் வலது ஓரத்தில் ரப்பர் விளிம்பு வைத்த ஒரு கேப் இருக்கிறது. அது ஹெட்டின் அடியில் ஒட்டி மூடிக்கொள்ள, கீழே உள்ள சிறு பம்ப் துளைகள் வழியாக மையை இழுக்கும். இழுத்த மை குழாய் வழியே வேஸ்ட் பேடுக்கு, அதாவது வீணான மையை உறிஞ்சி வைக்கும் பஞ்சுக்கு, போய்விடும். கேப் பொதுவானது என்பதால், அடைத்தது கறுப்பு மட்டும் என்றாலும் நான்கு நிறமும் சேர்ந்தே போகும். உங்கள் பிரிண்டருக்கான 003 கறுப்பு மை 65 மில்லி புட்டியில் சுமார் 4,500 பக்கம் வரும் என்பது எப்சன் தரும் கணக்கு. அப்படிப் பார்த்தால் வீணாகும் ஒவ்வொரு மில்லியும் ஏறக்குறைய 70 பக்கம்.

ஆறு முறை தொடர்ந்து இழுத்தால் வேறொரு கெடுதலும் உண்டு. இழுக்கும் வேகத்தில் ஹெட்டுக்குள் காற்றுக்குமிழி சேரும். குமிழி நிற்கும் துளையில் மை வராது. கிளீனிங் செய்யச் செய்ய மோசமாகிறது என்று நீங்கள் பார்த்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுதான்.

ஆகவே முதலில் நோசில் செக் தாளை, அதாவது எந்தத் துளையில் மை வரவில்லை என்று காட்டும் சோதனை அச்சை, எடுங்கள். அதற்குச் செலவாகும் மை மிகக் கொஞ்சம். தாளைக் குப்பையில் போடாமல் மேலே நேரத்தை எழுதி வையுங்கள். ஒரு கிளீனிங்குக்குப் பிறகு எடுத்த தாளை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். படிக்கட்டு போன்ற கோடுகளில் அதே இடம் மறுபடியும் விடுபட்டிருந்தால் அங்கே மை காய்ந்திருக்கிறது. விடுபட்ட இடம் தாளுக்குத் தாள் மாறினால் காற்று. ஒரு நிறம் தொடக்கத்தில் நன்றாக வந்து போகப் போக மங்கினால் மை வந்து சேரவில்லை: தொட்டியில் மை கீழ்க்கோட்டுக்குக் கீழே போயிருக்கிறதா, குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். எப்சனின் பழைய எல் வரிசைப் பிரிண்டர்கள் சிலவற்றில் மை வழியைத் திறந்து மூடும் குமிழ் உண்டு. பிரிண்டரை இடம் மாற்றியவர்கள் அதைத் திறக்க மறப்பது வழக்கம். நோசில் செக் முழுமையாக இருந்தும் அச்சில் கோடு விழுந்தால் கிளீனிங்கால் ஒரு பயனும் இல்லை. அச்சுத் தரம் டிராஃப்டில் இருந்தால் மாற்றுங்கள், ஹெட் அலைன்மென்ட் (ஹெட்டின் வரிசையைச் சரிசெய்வது) செய்யுங்கள், தாளையும் தொட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் திறந்து வைத்த ஏ4 கட்டு ஈரம் இழுத்து மையைப் பரப்பிவிடும்.

உங்கள் பிரிண்டரில் ஒரு கிளீனிங், உடனே ஒரு நோசில் செக் என்று மூன்று சுற்றோடு நிறுத்துங்கள். பிறகு பிரிண்டரின் பவர் பொத்தானை அழுத்தி அணைத்து 12 மணி நேரம் விடுங்கள். எப்சன் கையேடும் இதைத்தான் சொல்கிறது. மாலை கடையை மூடும்போது அணைத்தால் காலையில் பார்க்கலாம். அந்த நேரத்தில் குமிழி கரையும், காய்ந்த மையும் ஊறி இளகும். கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கும்போது இது கஷ்டம்தான். ஆனாலும் நான்காவது கிளீனிங் பெரும்பாலும் மை செலவு மட்டுமே.

காலையிலும் ஓரிரு கோடுகள்தான் விடுபட்டிருந்தால், வோர்டில் உள்ளங்கை அளவு கட்டம் வரைந்து அந்த ஒரு நிறத்தை மட்டும் நிரப்பி இரண்டு மூன்று தாள் அச்சிடுங்கள். தாள் வகை சாதாரணத் தாளாகவே இருக்கட்டும். கறுப்பென்றால் கிரேஸ்கேல் தேர்வு செய்யுங்கள். மற்ற நிறங்கள் பெரும்பாலும் தப்பும். ஒரு நிறம் அடியோடு வராதபோது இப்படிச் செய்யாதீர்கள். குறிப்பாக கேனன் ஜி வரிசை ஹெட் மையைச் சூடாக்கித் தள்ளும் வகை. மை இல்லாமல் சூடேறினால் கெட்டுப்போகும். கேனன்காரர்களுக்கு வேறொரு வசதி இருக்கிறது: கிளீனிங் திரையில் கறுப்பு மட்டும், வண்ணம் மட்டும் என்று பிரித்துக் கொடுக்கலாம். பலர் அதைக் கவனிக்காமல் எல்லா நிறத்துக்கும் கொடுத்துவிடுகிறார்கள்.

பவர் கிளீனிங் கடைசி வழி. குழாய்க்குள் இருக்கும் மை முழுவதையும் அது மாற்றிவிடும். நான்கு தொட்டியிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் தொடங்கக் கூடாது. குறைவாக இருந்தால் காற்றை இழுத்து நிலைமை இன்னும் கெடும்.

அதற்கு முன் கேப்பைப் பாருங்கள். விளிம்பில் காய்ந்த மை, முடி, தாள் தூசி ஒட்டியிருந்தால் காற்று நுழையும், உறிஞ்சுதல் நடக்காது. டிஸ்டில்டு தண்ணீரில் நனைத்த, நூல் உதிராத துணியால் விளிம்பையும் பக்கத்தில் நிற்கும், ஹெட்டைத் துடைக்கும் ரப்பர் வைப்பரையும் துடையுங்கள். ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் பேட்டரி தண்ணீர் போதும். ஆசிட் கலந்ததும் விற்பார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள். குழாய்த் தண்ணீர், ஸ்பிரிட், தின்னர் வேண்டாம். பிறகு கேப்புக்குள் சில சொட்டு விட்டு ஒரு கிளீனிங் கொடுங்கள். தண்ணீர் இறங்கிவிட்டால் பம்ப் நலம். அப்படியே நின்றால் பம்போ குழாயோ அடைத்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கிளீனிங் கொடுத்தாலும் ஹெட் திறக்காது.

கேள்வி: கோயில் அலுவலகப் பிரிண்டரை மாதம் ஒருமுறை, திருவிழா நோட்டீசுக்குத்தான் போடுகிறோம். இடிக்குப் பயந்து சுவர் சுவிட்சை அணைத்து வைக்கிறோம். போடும்போதெல்லாம் நெடுநேரம் இரைகிறது, மையும் குறைகிறது.
– ஆலயச் செயலவை உறுப்பினர், தோட்டப்புறம்

பதில்: இடிக்குப் பிளக்கைப் பிடுங்குவது சரிதான், வரிசைதான் தவறு. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவரில் அணைத்தால் ஹெட் கேப்புக்குப் போய் மூடிக்கொள்ளாமல் நடுவழியில் நின்றுவிடலாம். திறந்த துளையில் மை காய்கிறது. அடுத்த முறை போட்டதும் இயந்திரம் தானாகவே மையை இழுத்துத் தள்ளுகிறது. முதலில் பிரிண்டரின் பொத்தானை அழுத்துங்கள், விளக்கு முழுவதும் அணையட்டும், அதன்பின் சுவர் சுவிட்ச், பிறகு பிளக். வெள்ளிக்கிழமை பூசைக்கு எப்படியும் ஆள் வருவார்கள். நான்கு நிறமும் உள்ள சிறிய பக்கம் ஒன்றை அன்று அச்சிடச் சொல்லுங்கள். ஒரு கிளீனிங்கில் போகும் மையைவிட அது மிகக் குறைவு.

கேள்வி: பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு எச்பி 680 கார்ட்ரிட்ஜ் போடும் பிரிண்டர். பள்ளி விடுமுறைக்குப் பிறகு வண்ணம் வரவில்லை. கிளீனிங் கொடுத்தே கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிடும் போலிருக்கிறது.
– இல்லத்தரசி, சுங்கை சிப்புட்

பதில்: இதில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதால் வேலை எளிது. கழற்றி, வெதுவெதுப்பான டிஸ்டில்டு தண்ணீரில் நனைத்த டிஷ்யூவை நான்காக மடித்து, துளைப் பக்கத்தை அதன் மேல் ஒரு நிமிடம் வையுங்கள். பிறகு காய்ந்த டிஷ்யூவில் அழுத்தி எடுங்கள். மூன்று நிறப் பட்டையும் தனித்தனியாகப் பதிந்தால் திறந்துவிட்டது. பக்கவாட்டில் தேய்த்தால் நிறம் கலந்துவிடும். செம்புத் தகட்டில் விரல் படக் கூடாது. அரை மணிக்குள் திரும்பப் பொருத்துங்கள். ஒரு நிறம் பதியவே இல்லையென்றால் அந்த மை தீர்ந்திருக்கலாம்.

கேள்வி: கேனன் பிரிண்டரில் 5பி00 என்று வந்து நின்றுவிட்டது. இணையத்தில் கிடைக்கும் மென்பொருளால் ரீசெட் செய்யலாமா? வேஸ்ட் மையை எடுத்து மறுபடி ஊற்றலாமா?
– மாணவர், ஈப்போ

பதில்: வேஸ்ட் பேட் நிறைந்துவிட்டது என்று பிரிண்டர் கணக்குப் பார்த்துச் சொல்கிறது. பேடை மாற்றாமல் அந்தக் கணக்கை மட்டும் அழித்தால் மை அடித்தட்டு வழியே மேசையில் வழியும். சர்வீஸ் கடையில் பேடையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வேஸ்ட் மையை ஊற்றவே கூடாது. நிறங்கள் கலந்து, தூசியும் சேர்ந்து கிடக்கும் அது ஹெட்டை அடைத்துவிடும்.