நிலாவெளிக் காணியை ஈடு வைத்து மகனை சிவில் படிக்க வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருக்கிறோம். கணவர் கத்தாரில் வேலை, ஒப்பந்தம் இன்னும் 2 வருடத்தில் முடிகிறது. மகன் முதல் தடவையாக ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) கணிதப் பிரிவில் எழுதினான். மூன்று பாடமும் பாஸ், ஆனால் பொறியியல் பீடத்துக்கு இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) போதாது. கொழும்பில் ஒரு தனியார் நிறுவனம் 4 வருட சிவில் பொறியியல் படிப்புக்கு 45 லட்சம் கேட்கிறது. நிலையான வைப்பில் 15 லட்சம் இருக்கிறது. மிச்சம் 30 லட்சத்துக்கு நிலாவெளியில் உள்ள 20 பேர்ச் காணியை வங்கியில் ஈடு வைக்கலாமா? என் தம்பி, சேர்வையருக்கு (நில அளவையாளர்) படிக்கட்டும் என்கிறான். மகளும் அடுத்த வருடம் ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதுகிறாள்.

பதில்: அக்கா, இந்த வருடம் ஈடு வைக்காதீர்கள். சிவில் மோசமான படிப்பு என்பதால் சொல்லவில்லை, உங்கள் கணக்கு தாங்காது என்பதால்தான் சொல்கிறேன். 30 லட்சத்துக்கு வருட வட்டி 14 சதவீதம் என்று வைப்போம். மகன் படிக்கும் 4 வருடமும் வட்டியை மட்டும் கட்டினாலே மாதம் 35,000, மொத்தம் 16 லட்சத்து 80 ஆயிரம், வாங்கிய முதல் தொகை ஒரு சதமும் குறையாமல் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு 7 வருடத்தில் அடைப்பதானால் மாதம் கிட்டத்தட்ட 56,000. கத்தார் சம்பளம் நிற்கப்போவது இந்தக் காலத்தின் நடுவில்தான், கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு எதையும் நான் இன்னும் சேர்க்கவே இல்லை. வட்டி மாறும் கடனாக இருந்தால் இன்னும் பயம், 2022-ல் வங்கி வட்டி 20 சதவீதத்தைத் தாண்டிப் போனதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், கட்டுமான வேலைகள் பாதியில் நின்றதும் அதே வருடம்தான். வட்டி ஏறுகிற நேரமும் சிவில்காரருக்கு வேலை குறைகிற நேரமும் ஒன்றாகவே வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

அந்த 15 லட்சத்தையும் கட்டணத்துக்குக் கொடுக்க வேண்டாம். கணவர் திரும்பி வந்து அடுத்த வருமானம் தொடங்கும் வரை வீடு ஓட வேண்டும், மகளின் படிப்பும் அதற்குள்தான்.

இப்போது தம்பி சொன்னதைப் பார்ப்போம், அதில் நிறைய விஷயம் இருக்கிறது. சபரகமுவப் பல்கலைக்கழகத்தில் நில அளவை விஞ்ஞானத்துக்கென்றே பட்டப்படிப்பு உண்டு, அரச பல்கலைக்கழகம் என்பதால் கட்டணம் இல்லை, வெட்டுப்புள்ளியும் (அனுமதிக்கு வேண்டிய ஆகக் குறைந்த இசட் புள்ளி) பொறியியலுக்கு உள்ளது அல்ல, தனியாக வரும். அனுமதி முழுக்க அகில இலங்கைத் தகுதியில் நடப்பதில்லை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, திருகோணமலை கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆகவே பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டை எடுத்து எங்கள் மாவட்டத்து வெட்டுப்புள்ளியை மகனோடு உட்கார்ந்து பாருங்கள். இந்தப் புள்ளிக்குக் கிடைக்காவிட்டாலும் ஏ.எல். மூன்று தடவை எழுதலாம், அவன் ஒரு தடவைதான் எழுதியிருக்கிறான். இரண்டாம் தடவைக்கு டியூஷன் காசு எவ்வளவு போனாலும் 30 லட்சத்துக்குக் கிட்டவும் வராது!

இந்தத் தொழிலில் காசு எப்படி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காணி பிரித்து உறுதி எழுத, வங்கிக் கடனுக்கு, வீட்டுப் பிளான் அனுமதிக்கு என்று எதற்கும் அளவைப் படம் வேண்டும், அதில் கையெழுத்து வைக்க 2002-ம் ஆண்டின் 17-ம் இலக்க அளவைச் சட்டப்படி பதிவும் அந்த வருட அனுமதிப் பத்திரமும் உள்ளவருக்குத்தான் உரிமை. பங்கு பிரிக்கும் வழக்குகளில் நீதிமன்றமே ஒரு சேர்வையருக்கு ஆணை கொடுத்து அளக்கச் சொல்கிறது. யுத்தத்தால் வருடக்கணக்கில் ஆள் இல்லாமல் கிடந்து எல்லைக் கல்லே தெரியாமல் போன காணிகள் எங்கள் மாவட்டத்தில் எத்தனை, கரையோரம் ஹோட்டல் கட்ட வருகிறவர்கள் எத்தனை பேர். கட்டுமானம் படுத்தாலும் அண்ணன் தம்பி காணி பிரிப்பது நிற்காது. ஆனால் பட்டம் எடுத்த மறுநாளே சொந்தமாகக் கையெழுத்து வைக்க முடியாது, முதலில் யாரிடமாவது வேலை செய்து அனுபவம் எடுக்க வேண்டும், அந்தக் காலத்தில் வருமானம் சின்னதுதான். காணி அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியும் லட்சக்கணக்கில் போகும். தொடங்கும்போதே லீசிங்கில் வாங்காமல் வாடகைக்கு எடுக்கட்டும்.

அப்புறம், இது வெயிலில் நிற்கிற வேலை. பற்றைக்குள், அந்தக் கருவி குறிபார்க்கும் பிரிசம் கம்பைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும், பின்னேரம் கணினியில் படம் வரைய வேண்டும், நடுவில் எல்லைச் சண்டைக்காரரோடு பொறுமையாகப் பேசவும் வேண்டும். அதனால் இரண்டாம் தடவைக்குப் படிக்கிற இந்த வருடத்தில் வார இறுதிகளில் ஒரு சேர்வையரிடம் உதவியாளாக அனுப்புங்கள், பிடிக்கிறதா இல்லையா என்று அவனே சொல்லிவிடுவான்.

சிவில்தான் வேண்டும் என்று உறுதியாக நின்றால் அதற்கும் வழி இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பட்டம் உண்டு, உயர் தேசியப் பொறியியல் டிப்ளோமாவும் உண்டு. தனியார்தான் என்றால் அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் அந்தப் படிப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், மூன்று பாடமும் பாஸ் ஆனது அதற்கு வேண்டிய தகுதிகளில் ஒன்று. பட்டம் முடித்தால் 2017-ல் வந்த சட்டத்தின்படி பொறியியல் பேரவையில் எந்த வகுப்பில் பதிவு கிடைக்கும், இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அந்தப் பட்டத்தை அங்கீகரித்திருக்கிறதா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொல்வது போதாது, எழுதித் தரத் தயங்கினால் முற்பணம் கட்டாமல் எழும்பி வாருங்கள்.

காணி உறுதிக் காணியா (உறுதிப் பத்திரம் உள்ள சொந்தக் காணி), பெர்மிட் காணியா (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்று நீங்கள் எழுதவில்லை. பெர்மிட் என்றால் நினைத்தபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது, பிரதேச செயலகத்தில் கேட்டுத்தான் எதுவும் செய்யலாம். கணவர் அடுத்த லீவில் வரும்போது பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், பழைய பிளான் என்றால் எல்லையையும் ஒருமுறை அளந்து வையுங்கள். அன்றைக்கு மகனும் கூட நிற்கட்டும்.