மூன்று பேர் பணம், ஒருவர் பெயரில் பத்திரம்: வேண்டாம்

பத்து சென்ட் மனையை மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறோம், 60 சதவீதப் பணம் என்னுடையது, பத்திரம் மட்டும் நண்பர் பெயரில், எங்களுக்குள் 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாதுங்க. உங்கள் பணத்தில் அடுத்தவர் பெயருக்குச் சொத்து வாங்கினால் பினாமி சட்டத்தில் மாட்ட வாய்ப்பிருக்கிறது. அந்தச் சொத்தில் பதிவான பரிவர்த்தனைகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிலும் உங்கள் பெயர் வராது.

கிரையப் பத்திரத்திலேயே மூவர் பெயரும் வரட்டும். யாருக்கு எத்தனை பங்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டு, யார் எவ்வளவு போட்டார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லாவிட்டால், சொத்துரிமை மாற்றுச் சட்டம் 45-ஆம் பிரிவு எல்லோருக்கும் சமபங்கு என்றே கொள்ளும். 60 சதவீதம் போடும் உங்களுக்குத்தான் நஷ்டம். அதனால் பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்தே விற்பவருக்குப் போகட்டும்.

அப்புறம் தனி ஒப்பந்தம். ஒருவர் விலக நினைத்தால் முதலில் மற்ற இருவரிடம்தான் கேட்க வேண்டும், விலையை யார் மதிப்பிடுவது, எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். இறப்பைப் பற்றியும் கூச்சப்படாமல் எழுதுங்கள். என் மாமாவின் கூட்டாளி திடீரென இறந்தபோது, இடத்தை விற்க அவருடைய வாரிசுகள் ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கவே நாலு வருஷம் ஆனது. வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வரைவை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.