நாம மிச்சம் பிடிச்சா அதை யாரு எரிக்கிறாங்க?

கேள்வி: நாம பெட்ரோல், டீசலை மிச்சம் பிடிச்சா உலக மார்க்கெட்ல விலை இறங்கி வேற நாட்டுக்காரன் வாங்கி எரிச்சிடுவான், அப்புறம் என்ன புண்ணியம்னு என் ஃப்ரெண்ட் கேக்குறார். நெஜமா?

பதில்: கொஞ்சம் நெஜம்தாங்க. அந்தக் கொஞ்சத்தை வச்சுக்கிட்டு அவர் ஏசியை 18-ல ஓட விடுறார்னா அது வேற கதை.

கச்சா எண்ணெய் ஊருக்கெல்லாம் ஒரே கிணறு மாதிரி, ஒரு வீட்டுல இறைக்கிறது குறைஞ்சா விலை இறங்கும், இதுவரைக்கும் கட்டுப்படியாகாம ஒதுங்கி நின்னவன் குடத்தைத் தூக்கிட்டு வந்துடுவான். அமெரிக்க நிலக்கரியில இது நல்லாவே தெரிஞ்சுது. பாறைக்குள்ள இருந்து எடுக்குற ஷேல் கேஸ் மலிவா கிடைச்சதும் அங்க பவர் பிளான்ட்டெல்லாம் கரியை விட்டு கேஸுக்கு மாறிச்சு, சுரங்கக்காரன் சும்மா இருப்பானா, கப்பல்ல ஏத்திட்டான், 2012-ல 11 கோடி டன்னுக்கு மேல ஏற்றுமதி, அதுவரைக்கும் அவ்வளவு போனதே இல்ல, பாதிக்கு மேல ஐரோப்பாவுக்கு. அதே வருஷம் பிரிட்டன் கரண்ட்ல நிலக்கரியோட பங்கு 30 சதவீதத்துல இருந்து 39-க்கு எகிறிச்சு!

உங்க ஃப்ரெண்ட் இதோட நிறுத்திடுவார், நாம மீதியையும் பாப்போம். 2011-க்கும் 2012-க்கும் நடுவுல அமெரிக்காவுக்குள்ள எரிக்கிறது சுமார் 10 கோடி டன் குறைஞ்சுது, ஏற்றுமதி கூடினது 2 கோடி கூட இல்ல, அதுலயும் ஒரு பங்கு ஸ்டீல் ஆலைக்குப் போற கோக்கிங் கரி, கரண்டுக்கு எரிக்கிறது இல்ல. இங்க மிச்சமானது வெளிநாட்டுக்கு ஒழுகினது உண்மை, ஆனா மொத்தமும் ஒழுகல. கட்டுப்படியாகாத சுரங்கத்தை மூடினாங்க, கரி மண்ணுக்குள்ளயே கிடக்கு.

எவ்வளவு ஒழுகும்ங்கறது தோண்டுறவன் கையில இருக்கு. விலை இறங்கினதும் எண்ணெய் நாடுகளோட கூட்டமைப்பான ஒபெக் உற்பத்தியைக் குறைச்சா ஒழுகல் கம்மி, வந்த வரைக்கும் லாபம்னு இறைச்சுத் தள்ளினா ஜாஸ்தி. நார்வேயைப் பாருங்க, 2024-ல அங்க வித்த புதுக் கார்ல 10-க்கு 9 எலக்ட்ரிக், ஆனா கடல்ல எடுக்குற எண்ணெயும் கேஸும் பெரும்பாலும் வெளிநாட்டுக்குத்தான் போகுது. வீட்டுக்குள்ள பத்தியம், வாசல்ல பந்தி!

கேள்வி: எரிபொருள் செலவு ஜாஸ்தின்னு ஃபேக்டரியே வேற நாட்டுக்குப் போயிட்டா?

பதில்: அது இன்னொரு ஓட்டை. அதுக்குத்தான் ஐரோப்பிய யூனியன் இறக்குமதியாகுற ஸ்டீல், சிமென்ட், அலுமினியம், உரத்துக்கெல்லாம் 2026 ஜனவரியில இருந்து கார்பன் கட்டணம், அதாவது தயாரிக்கும்போது வெளியான கார்பனுக்குக் கட்டணம், வச்சிருக்கு. பெட்ரோல் விலை இறங்கி இன்னொருத்தன் டேங்க்கை ரொப்புறானே, அந்த ஓட்டையை இது தொடவே தொடாது.